சாலை திறந்திருக்கிறது

வெந்நீர் கேட்டேன், முகம் சுளிக்காமல் கொடுத்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. பச்சைத் தண்ணீர் எனக்கு ஆகாது, ஒரு மடக்கு உள்ளே போனாலே குரல் கட்டிக்கொள்ளும். அந்த ரெக்கார்டரை மட்டும் என் வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள். நேராக வைத்தால் 'ப' வருகிற இடமெல்லாம் காற்று வந்து முட்டும், பிறகு கேட்டு எழுதுகிறவர் உங்களைத்தான் திட்டுவார். மேஜையில் விரலால் தட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. தொழில் புத்தி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் முகம் உங்களுக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம், குரல் தெரிந்திருக்கும். கடையில் போய் அரைக் கிலோ சர்க்கரை என்று சொன்னால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "அட, ரோட்டுக்காரரா?" என்பார். ஊர் எனக்கு வைத்த பெயர் அது. என் மனைவிக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். "உங்களோட கடைக்கு வந்தா ஒரு வேலையும் ஆகாது, ஊரே நின்னு நலம் விசாரிக்கும்" என்று சலித்துக்கொள்வாள். அடுத்த தடவையும் கூடவே வருவாள்.

அந்தச் சாலையைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனாலும் வாக்குமூலம் என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், இல்லையா. நம் ஊரிலிருந்து மலைக்கு மேலே உள்ள மேலூருக்குப் போக அது ஒன்றுதான் வழி. கீழ்ப்பாதி ராணுவத்தின் கையில், மேல்பாதி காட்டுக்காரர்களின் கையில். இவர்களுக்கு ஒரு ரேடியோ இருந்தது, அவர்களுக்கு ஒரு ரேடியோ இருந்தது. பொழுது விடிந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஏச ஆரம்பித்துவிடும். செத்தவர்களை ஒன்று கூட்டிச் சொல்லும், மற்றது குறைத்துச் சொல்லும். சாலையில் போகலாமா கூடாதா என்பதில்கூட இரண்டும் பொய் சொல்லும். பிரசவ வலி எடுத்தவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாதி வழியில் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை எனக்கே தெரியும்.

அந்த நேரத்தில்தான் எடிட்டர் வந்தான். வந்தார் என்று சொல்ல வேண்டும், செத்துப்போனவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் அவன் எனக்குத் தம்பி மாதிரி. உயிரோடு இருந்தவரைக்கும் அவன் இவன் என்றே பேசிப் பழகிவிட்டு இப்போது மாற்றினால் நன்றாக இருக்காது. சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்தான். சுவரெல்லாம் முட்டை அட்டையை ஒட்டி எதிரொலியை அடக்கினோம். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, இந்தப் பக்கம் மைக்கும் நானும், அந்தப் பக்கம் அவனும் மெஷின்களும். பாட்டு போட்டோம், காய்கறி விலை சொன்னோம், காணாமல் போனவர்களின் அடையாளம் சொன்னோம். யாரையும் திட்டவில்லை. அதுவே ஜனங்களுக்கு அதிசயமாக இருந்தது.

சாலைச் செய்தி அவன் மூளையில் உதித்தது. தினமும் காலையில் எனக்கு இரண்டு போன் வரும். ஒன்று ராணுவ முகாம் குமாஸ்தாவிடமிருந்து. மற்றது காட்டுப் பக்கத்திலிருந்து, முகம் பார்த்திராத ஒருவர். எப்போதும் இருமிக்கொண்டே பேசுவார், நான் அவருக்கு இருமல்காரர் என்று பெயர் வைத்திருந்தேன். "மருந்து சாப்பிடக்கூடாதா?" என்று கேட்பேன். "மருந்து மேல வரணும்னா நீங்க ரோட்டத் திறக்கணுமே" என்பார். இரண்டு பேரும் சரி என்றால் சாலை திறந்திருக்கிறது என்று சொல்வேன். இரண்டில் ஒருவர் வேண்டாம் என்றாலும் சாலை மூடியிருக்கிறது. காரணம் சொல்ல மாட்டேன். காரணத்தைச் சொன்னால் அடுத்த சண்டை அதிலிருந்துதான் கிளம்பும்.

அந்த போன்களை நான் ஒருவன்தான் எடுக்க வேண்டும், வேறு யார் காதிலும் விழக்கூடாது. இது இரண்டு தரப்பும் போட்ட நிபந்தனை. எடிட்டருக்குக்கூட அனுமதி இல்லை. அவனுக்கும் அதில் சம்மதம். "ஒரு வாய்தாண்ணே இருக்கணும். ரெண்டு வாய் ஆச்சுன்னா சந்தேகம் வந்துரும்" என்றான். ஊர் உயிரையே ஒரு ஆளின் வாயில் கட்டித் தொங்கவிடுகிறோமே என்று யாருக்கும் உறைக்கவில்லை. என் பெயரை எழுதும்போது இதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று, அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நான் தப்பாகச் சொன்னதில்லை. டீக்கடையில் ரேடியோ வாயைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும். டிரைவர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கீழ்ச் சாவடியில் ராணுவத்துக்காரர்களே என்னைக் கேட்டுவிட்டுத்தான் தடுப்பைத் தூக்குவார்கள்.

என் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே பையன். மைக்செட் வாடகைக்கு விடுவான். "அப்பா ஒரு மைக்ல சம்பாதிக்கிறாரு, நான் பத்து மைக்ல சம்பாதிக்கிறேன்" என்று அம்மாவிடம் கேலி பேசுவான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலே உள்ள ஊரில் எங்கள் நேயர்களைக் கூட்டி ஒரு கூட்டம் போடலாம் என்று எடிட்டர் ஏற்பாடு செய்தான். ஒலிபெருக்கிக் குழாய் வேண்டும் என்று என் மகனிடம் கேட்டான். அன்றைக்கு இரண்டு பக்கமும் சரி என்றார்கள். சாலை திறந்திருக்கிறது என்று சொன்னேன். என் மகன் அதைக் கேட்டுவிட்டுக் குழாயை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

மத்தியானச் செய்தி வாசிக்க உட்கார்ந்தபோது எடிட்டர் கடைசி நிமிஷத்தில் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தான். மலைச் சாலையில் இருசக்கர வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்தது, ஓட்டிச் சென்ற இளைஞர் அந்த இடத்திலேயே இறந்தார். பெயர் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அதனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை. நிதானமாக வாசித்தேன். 'அந்த இடத்திலேயே' என்ற இடத்தில் குரலைச் சற்றுத் தாழ்த்தினேன், அப்படித்தான் தாழ்த்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வாசித்து முடித்து ஹெட்போனைக் கழற்றினேன். உள்ளே வந்தான், என் இரண்டு தோளையும் பிடித்தான், "அண்ணே, அது நம்ம தம்பி" என்றான்.

ஆஸ்பத்திரியில் பெட்டியை மூடிக் கொடுத்தார்கள். "பாக்காதீங்கண்ணே, பள்ளத்துல விழுந்த உடம்பு" என்றான் எடிட்டர். நான் பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி பார்த்தே தீருவேன் என்று உள்ளே போனாள். வெகு நேரம் கழித்து வந்தாள். "தூங்குற மாதிரி இருக்கான்" என்று மட்டும் சொன்னாள். நான் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. பிறகு போனேன். எடிட்டர் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொன்னால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள் என்றான். சாலை என் மகனைக் கொன்றது என்று நினைத்திருந்தேன். சாலை மேல் எவ்வளவு நாள் கோபப்பட முடியும்?

போன மாதம் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகப்போகிறது, துப்பாக்கியைக் கீழே போட்டவர்களை அழைத்துவந்து மனம் விட்டுப் பேசவைக்கலாம் என்று எடிட்டர் ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்திருந்தான். பெயர், ஊர் சொல்ல வேண்டாம். செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டால் போதும். கேள்வி கேட்பவன் நான். அன்றைக்கு வந்தவன் இப்போது பஞ்சர் கடை வைத்திருக்கிறானாம், நகக்கண்ணெல்லாம் கருப்பாக இருந்தது. எடிட்டர் அன்று ஊரில் இல்லை. மெஷினை ஓடவிட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம்.

காட்டுக்காரர்களின் மேல் சாவடிக்குப் புதிதாகப் போயிருந்த சமயம் என்றான். தூரத்தில் ஒருவன் பைக்கில் வந்தானாம். "பின்னாடி பெரிய புனல் மாதிரி ஒண்ணு கட்டியிருந்தான். ஏதோ ஆயுதம்னு நெனச்சுச் சுட்டுட்டேன். கிட்டப் போய்ப் பாத்தா கல்யாண வீட்டுல பாட்டுப் போடுற கொழா." மற்றவர்கள் வந்து வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்களாம். அப்புறம் என்று கேட்டேன். என் குரல் மாறவில்லை. "எங்க தலைவர் அன்னைக்கே உங்க எடிட்டருக்கு போன் பண்ணாரு. வெளிய தெரிஞ்சா பேச்சுவார்த்தை போச்சுன்னாரு. மத்தியானம் நியூஸ்ல விபத்துன்னு வந்துச்சு. நீங்கதான வாசிச்சீங்க?" ஆமாம், நான்தான் வாசித்தேன் என்றேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நீங்கள் நம்ப வேண்டும். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பினேன். பயந்துபோய்ச் சுட்டான், கேட்டதும் உள்ளதைச் சொன்னான். இந்த ஊரில் எனக்கு உண்மை சொன்னவன் அவன் ஒருவன்தான்.

மறுநாள் எடிட்டரிடம் கேட்டேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "சுட்டதுன்னு சொல்லியிருந்தா அன்னைக்குச் சாயந்திரமே இங்க இருக்குற மேலூர்க்காரங்க கடை ஒண்ணு மிஞ்சியிருக்காது. ரோடு திறந்திருக்குன்னு சொன்ன நாள்ல ஒருத்தன் செத்தான்னு தெரிஞ்சா ரோடு நியூஸை எவன் நம்புவான்? உங்களாலயும் அதுக்கப்புறம் வாசிக்க முடியாதுண்ணே." எல்லாம் நியாயமான பேச்சு. சரி, அந்தத் தாளை வேறு யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கலாமே என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க வாசிச்சாத்தாண்ணே நம்புவாங்க."

யோசித்துப் பாருங்கள். என் மகனைக் கொன்ற செய்தியைப் பொய்யாக்கி, அந்தப் பொய்யை என் வாயில் வைத்து, நான் துப்பி முடிக்கிறவரைக்கும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறான். பெற்ற அப்பன் கொள்ளி வைப்பதற்கு முன்னால் பொய்ச் செய்தி வாசித்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை.

அப்போதும்கூட அவனை விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அழுகையோடு அழுகையாக இன்னொன்றும் சொன்னான். "அண்ணிக்குத் தெரியும்ணே. பெட்டியத் திறந்து பாத்தாங்கல்ல, என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க. மறைக்க முடியல. அவங்கதான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாங்க. தெரிஞ்சா நீங்க ஏதாவது பண்ணிக்குவீங்க, இல்ல யாரையாவது ஏதாவது பண்ணிருவீங்கன்னு பயந்தாங்க."

மூன்று வருஷம். ஒரே கூரைக்குக் கீழே, எனக்குச் சோறு பரிமாறிக்கொண்டு. மகன் நினைவு நாளில் நான் சாலையைச் சபிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என்னைப் பற்றி இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, இவன் தாங்க மாட்டான் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்று என்னைக் கேட்டிருக்கலாம்.

எடிட்டரின் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். ரேடியோவில் பேசுகிற குரலில் சொன்னேன், அதனால் நம்பிவிட்டான். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லாதே, அவளாகவே வாய் திறக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். சத்தியம் செய்தான். அதற்கப்புறம் அவன் நடையே மாறிவிட்டது, பாரம் இறங்கியவன் மாதிரி விசில் அடித்துக்கொண்டு படி ஏறுவான். நான் தினமும் வீட்டுக்குப் போய் என் மனைவியின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் சந்தர்ப்பம் கொடுத்தேன். அவள் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

மேலே போய் இரண்டு தரப்புப் பத்திரிகைக்காரர்களோடும் உட்கார்ந்து ஒரு உடன்படிக்கை போட வேண்டும், ஒருவரையொருவர் தூண்டிவிட்டு எழுத மாட்டோம் என்று. அதற்காக எடிட்டர் ஒரு வேன் பேசியிருந்தான். எந்த நாள் போகலாம் என்று என்னைக் கேட்டான். சாலை விஷயம் என்றால் எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். புதன்கிழமை என்றேன். காட்டுப் பக்கத்தில் ஒப்பந்தம் பிடிக்காத பையன்கள் சிலர் அந்த வாரம் ஏதாவது செய்யக்கூடும், புதன்கிழமை ராணுவ ஜீப் மேலே வரும், அதைத்தான் குறி வைப்பார்கள் என்று இருமல்காரர் எனக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார். ஆகவே திட்டம் இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. ஆனால் முழுத் திட்டம் என்றும் சொல்ல முடியாது. ஒன்றும் நடக்காமல் போயிருக்கவும் வாய்ப்பிருந்தது.

புதன்கிழமை காலை குமாஸ்தா சரி என்றார். பிறகு இருமல்காரர் கூப்பிட்டார். அன்று இருமல் குறைவாக இருந்தது, கேட்க நன்றாக இருந்தது. "இன்னைக்கு வேணாம் ரோட்டுக்காரரே. பசங்க வளைவுல ஒண்ணப் பொதச்சிட்டானுங்க. எடுக்க மத்தியானம் ஆயிரும். மூடிருங்க." சரி என்று போனை வைத்தேன். வெந்நீர் குடித்தேன். மைக் முன்னால் உட்கார்ந்து, சாலை திறந்திருக்கிறது என்று சொன்னேன். எப்போதும் போல இரண்டு முறை.

பாட்டு போட்டேன். ஸ்டூடியோவில் போன் மணி அடிக்காது, ஒலிபரப்பு கெட்டுவிடும் என்பதற்காகச் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். விளக்கு எரிய ஆரம்பித்தது. அணைந்தது, மறுபடி எரிந்தது. பாவம், இருமல்காரர் பதறிப்போயிருப்பார். நான் அடுத்த பாட்டைப் போட்டேன்.

ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். வேனுக்குப் பின்னாலேயே போயிருக்கிறது, வளைவில் வேன் வெடித்த வேகத்தில் பஸ் டிரைவர் திருப்பப் பார்த்துப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. அதில் எத்தனை பேர் என்று நீங்கள் சொன்னீர்கள், மன்னிக்க வேண்டும், மறந்துவிட்டேன். அவர்கள்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. ஆனால் ஒரு வேனுக்கு மட்டும் திறந்திருக்கிறது, மற்றவர்களுக்கு மூடியிருக்கிறது என்று ரேடியோவில் சொல்ல முடியாது. எல்லாருக்கும் ஒரே செய்திதான்.

மத்தியானச் செய்தியையும் நான்தான் வாசித்தேன். தாள் எழுதித் தர ஆள் இல்லை, நானே எழுதிக்கொண்டேன். விபத்து என்று சொல்லவில்லை. காட்டுக்காரர்கள் புதைத்த வெடி என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன், இறந்தவர்களின் பெயர்களையும் சொன்னேன். சாயந்திரம் மேலூர்க்காரர்களின் கடைகள் எரிந்தன, மறுநாள் ஒப்பந்தமும் போயிற்று. எடிட்டர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னதற்கு என் மேல் வழக்குப் போட முடியாது என்று நினைக்கிறேன்.

கடைசியாக நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வேனில் என் மனைவி இருந்தது எனக்குத் தெரியுமா என்று. தெரியும். எடிட்டர் முந்தின நாளே சொல்லிவிட்டான், சந்தோஷம் தாங்காமல். மேலே உள்ள ஊரில் பெண்கள் கூட்டத்தில் அவள் பேசப்போகிறாளாம், மகன் எப்படிச் செத்தான் என்று முதல் தடவையாக வாய் திறக்கப்போகிறாளாம். என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவர்களிடம்.

அன்று காலை அவளுக்கு நான்தான் டிபன் பாக்ஸில் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். நல்ல சேலை கட்டியிருந்தாள். "சாயந்திரம் வந்து உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். மூன்று வருஷம் சொல்லாதவளுக்கு இன்னும் ஒரு சாயந்திரம் என்ன, சரி என்றேன். செருப்பு மாட்டும்போது கேட்டாள், "ஏங்க, ரோடு எப்படி இருக்கும் இன்னைக்கு?" அப்போது எனக்கு இன்னும் போன் வரவில்லை. தெரியாததை எப்படிச் சொல்வது? "ரேடியோல கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் குரல் வருகிறவரைக்கும் வேனைக் கிளப்ப விடாமல் உட்கார்ந்திருந்தாள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் ஒரு பொய் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. நான் சொன்னது ஊருக்கு.